3018 சிஎன்சியின் கட்டுப்பாட்டுத் திரையைக் கைக்கு அடக்கமாக்குவது எப்படி

மேசை மேல் வைத்து, கணினி சொல்லும் வழியில் வெட்டும் 3018 வகை சிஎன்சி ரவுட்டரில் வேலை கெடுவது பெரும்பாலும் வெட்டத் தொடங்குவதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில்தான். ஒரு கையில் ஸ்பேனர், இன்னொரு கையில் பிட் தொடுவதை உணரும் ப்ரோப் கிளிப், கண் பிட்டின் (வெட்டும் கருவியின்) முனையில். அந்த நேரத்தில் மவுஸைத் தேடி, நகத்தளவு பொத்தானைக் குறிபார்த்து அழுத்தச் சொல்லும் திரைதான் பிட்டை உடைக்கிறது. திரையை அழகாக்குவதைப் பற்றி இங்கே பேச்சில்லை. திரை காட்டுவது உண்மையாக இருக்க வேண்டும், அடிக்கடி செய்கிற வேலை ஒரே அழுத்தத்தில் நடக்க வேண்டும், கை தவறினால் சேதம் குறைவாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் போதும்.

இங்கே சொல்வதெல்லாம் ஜிஆர்பிஎல் 1.1 என்ற கட்டுப்பாட்டு நிரல் ஓடும் போர்டுக்கானது. ஜி-கோடை, அதாவது இயந்திரத்துக்கான நகர்வுக் கட்டளைகளை, அனுப்பும் மென்பொருளாக யுஜிஎஸ் பிளாட்ஃபார்ம் அல்லது சிஎன்சிஜேஎஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம்; கீழே இதை ‘அனுப்பி’ என்றே சொல்கிறோம். கட்டளைகளைத் தமிழெழுத்தில் தந்திருக்கிறோம். கன்சோலில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

முதலில் திரை உண்மை பேசட்டும்

புதுப் பொத்தான் எதையும் சேர்க்குமுன் கன்சோலில் (அனுப்பியில் கட்டளை அடிக்கும் இடத்தில்) $$ என்று அடித்து, வருகிற அமைப்புப் பட்டியல் முழுவதையும் ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். பின்னால் ஏதாவது குழம்பினால் திரும்பி வர அதுதான் வழி.

லிமிட் சுவிட்சும் (அச்சின் ஓரத்தை உணரும் சுவிட்ச்) ஹோமிங்கும் (அந்தச் சுவிட்சைத் தொட்டு இயந்திரம் தன் இடத்தை அறிவது) இல்லாத இயந்திரத்தில் திரையில் தெரியும் இயந்திர ஆயத்தொலைவுக்கு அர்த்தமே இல்லை. மின்சாரம் போட்ட நேரத்தில் பிட் எங்கே நின்றதோ அதுதான் சுழியம். அதை நம்பி எழுதும் ‘ஓரத்தில் நிறுத்து’ மேக்ரோ (ஒரே அழுத்தத்தில் ஓடும் கட்டளைத் தொகுப்பு) ஒரு நாள் பிட்டைச் சுமக்கும் கேன்ட்ரியை ஓரத்தில் கொண்டுபோய் முட்டும். மூன்று அச்சுக்கும் சுவிட்ச் வைத்து, ஹோமிங்கை இயக்க $22=1 போடுங்கள். $27 என்பது சுவிட்சைத் தொட்டபின் பின்வாங்கும் தூரம், 2 மி.மீ. போதும். ஹோமிங் முடிந்ததும் ஒவ்வொரு அச்சும் -2.000 என்று காட்டினால் எல்லாம் சரி. சுவிட்சுகள் வழக்கமான மூலையில், அதாவது வலது, பின், மேல் பக்கங்களில் இருக்கும்போது இந்தக் கணக்கு. ஜிஆர்பிஎல்லில் வேலைப் பரப்பு முழுவதும் எதிர்மறை எண்ணிலேயே இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அடுத்தது, ஹோமிங் செய்துவிட்டு ஒவ்வொரு அச்சையும் மறுமுனைவரை மெதுவாக ஜாக் செய்யுங்கள், அதாவது பொத்தானை அழுத்தி நகர்த்துங்கள். முட்டுவதற்கு 2 மி.மீ. முன்பே நிறுத்தி, திரையில் தெரியும் எண்ணை $130, $131, $132 ஆகியவற்றில் (எக்ஸ், ஒய், இசட்டின் நகர்வு எல்லைகள்) எழுதுங்கள், கழித்தல் குறி இல்லாமல். பெட்டியில் 300, 180, 45 என்று அச்சிட்டிருப்பதை அப்படியே எழுதினால் ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) க்ளாம்பின் தடிமனோ ஸ்க்ரூ தலையோ கணக்கில் வராது. அளந்து எழுதியபின் அந்த எல்லைகளைக் கன்ட்ரோலரே காக்கும்படி $20=1 போடுங்கள். இதனால் ஜாக் செய்யும்போது ஒரு பெரிய நன்மை: எல்லை தாண்டும் ஜாக் கட்டளை வந்தால் கன்ட்ரோலர் 15ஆம் எண் பிழையைச் சொல்லி அதை மறுத்துவிடும், இயந்திரம் அசையவே அசையாது. ஜி-கோட் கோப்பிலிருந்து அப்படி வந்தால் 2ஆம் எண் அலாரம் அடித்து நிற்கும். இரண்டிலும் எதுவும் முட்டுவதில்லை.

இன்னும் மூன்று எண்களைச் சரிபாருங்கள். $13 சுழியமாக இருக்கட்டும். 1 என்றால் கன்ட்ரோலர் தன் இடத்தை அங்குலத்தில் சொல்லத் தொடங்கும். $30இல் உங்கள் ஸ்பிண்டிலின் உச்ச வேகத்தை எழுதுங்கள். அது 1000 ஆகக் கிடக்க, ஜி-கோட் கோப்பை உருவாக்கும் கேம் மென்பொருள் 8000 கேட்டால், ஸ்பிண்டில் எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும். திரையில் வேகப் பட்டியை இழுத்தும் ஒன்றும் மாறாதது போலத் தெரியும். லேசர் மாட்டிப் பழகியவர்கள் லேசர் முறைக்கான $32ஐப் பார்க்க மறக்கிறார்கள். லேசருக்கு 1, ஸ்பிண்டிலுக்கு 0. இந்த இரண்டையும் தனித்தனி மேக்ரோவாக வைத்து, ‘லேசர் மாட்டியிருக்கிறது’, ‘ஸ்பிண்டில் மாட்டியிருக்கிறது’ என்று முழு வாக்கியமாகவே பெயர் கொடுங்கள்.

நிறுத்தும் பொத்தான் உண்மையில் நிறுத்துகிறதா?

இதைச் சோதிக்காமல் மேலே போகாதீர்கள். ஜிஆர்பிஎல்லில் இரண்டு வகைக் கட்டளைகள் உண்டு. ஜி-கோட் வரிகள் வரிசையில் நின்று தம் முறைக்குக் காத்திருக்கும். ஆச்சரியக்குறி, அலைக்குறி, கேள்விக்குறி போன்ற ஒற்றை எழுத்துகள் வரிசையைத் தாண்டி உடனே வேலை செய்யும். ஆச்சரியக்குறி வந்தால் இயந்திரம் வேகம் குறைத்து நிற்கும். அலைக்குறி வந்தால் தொடரும்.

சில எளிய அனுப்பிகளில் ‘பாஸ்’ பொத்தானை அழுத்தினால் அவை மேற்கொண்டு வரி அனுப்புவதை மட்டும் நிறுத்துகின்றன. ஆனால் ஜிஆர்பிஎல் ஓடும் ஆர்டுயினோ யூனோ போர்டின் உள்ளே ஏற்கெனவே 16 நகர்வுகள் கொள்ளும் திட்டப் பட்டியலும், வரிகளை வாங்கி வைக்கும் 128 பைட் இடமும் நிரம்பியிருக்கும். அது தீரும்வரை பிட் ஓடும். நீண்ட நகர்வுகளாக இருந்தால் இது நிமிடக் கணக்கிலும் போகலாம்.

சோதனை எளிது. பிட்டைக் கழற்றிவிட்டு, இசட்டை மேலே தூக்கி, எக்ஸ் அச்சில் 100 மி.மீ. தூரத்தை எஃப்300 வேகத்தில் போய்த் திரும்பும் வரிகள் ஐந்தாறு ஓடவிடுங்கள். நடுவழியில் பாஸ் அழுத்துங்கள். கண் சிமிட்டும் நேரத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், நேரடியாக ஆச்சரியக்குறியை அனுப்பும் பொத்தான் இருக்கும் அனுப்பிக்கு மாறுங்கள். அந்த மென்பொருளுக்கு மேற்கொண்டு மேக்ரோ எழுதுவது வீண் வேலை.

இன்னொன்று: ஆச்சரியக்குறி நகர்வைத்தான் நிறுத்தும், ஸ்பிண்டிலை அல்ல. பிட் ஒரே இடத்தில் சுற்றி மரத்தைக் கருக்கும், அக்ரிலிக்கை உருக்கிப் பிட்டில் ஒட்ட வைக்கும். அந்த நிலையில் ஸ்பிண்டிலை மட்டும் நிறுத்தவும் மறுபடி ஓட்டவும் ஹெக்ஸ் 9இ என்ற ஒற்றை பைட் இருக்கிறது. இடைநிறுத்த நிலையில் மட்டுமே அது வேலை செய்யும். அதற்கான பொத்தான் உங்கள் அனுப்பியில் இருந்தால் பாஸுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

திரையில் எதை நீக்குவது

சேர்ப்பதைவிட நீக்குவதுதான் பலன் தரும். யுஜிஎஸ்ஸில் ஒவ்வொரு பலகையையும் மூடலாம், இழுத்து இடம் மாற்றலாம். சிஎன்சிஜேஎஸ்ஸில் விட்ஜெட்டுகளை ஒவ்வொன்றாக மறைக்கலாம். வெட்டும் நேரத்தில் கண்ணுக்குத் தேவைப்படுபவை நான்கே: நிலை, வேலை ஆயத்தொலைவு, ஃபீட் (வெட்டும்போது நகரும் வேகம்)-ஸ்பிண்டில் சதவீதம், மீதி வரிகள். இயந்திர ஆயத்தொலைவு சின்ன எழுத்தில் ஓரமாக இருந்தால் போதும். இரண்டும் ஒரே அளவில் அடுத்தடுத்து இருந்தால் அவசரத்தில் தவறான எண்ணைப் படிப்பீர்கள்.

முப்பரிமாணப் படம் பார்க்க நன்றாக இருக்கும். பழைய மடிக்கணினியில் அது பிராசசரை விழுங்கித் திரையைத் திணறடிக்கும், ஓடும்போது மூடிவிடுங்கள். நிலையைக் கேட்கும் இடைவெளியை 200 மில்லிவினாடியில் வையுங்கள். அதைவிட அடிக்கடி கேட்டால் எண்கள் வேகமாக ஓடுமே தவிர வேலைக்கு உதவாது, சின்னப் போர்டுக்குச் சுமை.

‘அன்லாக்’ பொத்தானை ‘ஹோம்’ பொத்தானிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். அலாரம் வந்ததும் கை தானாக அன்லாக்குக்குப் போகும். நகரும்போது ரீசெட் ஆகியோ லிமிட் சுவிட்ச் அடித்தோ வந்த அலாரம் என்றால் ஸ்டெப்பர்கள் ஸ்டெப் தவறியிருக்கலாம். அன்லாக் செய்தால் திரை பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். மறுபடி ஹோமிங் செய்வது அரை நிமிட வேலை.

தொடுதிரை என்றால் பொத்தான்கள் பெருவிரல் அகலமாவது இருக்கட்டும். மரத்தூள் படிந்த விரல் துல்லியமாகத் தொடாது. 7 அங்குலத் திரையில் யுஜிஎஸ் நெருக்கியடித்துக்கொள்ளும். அங்கே ராஸ்பெர்ரி பையில் சிஎன்சிஜேஎஸ் ஓட்டி, பழைய டேப்லெட்டின் பிரவுசரில் 8000ஆம் போர்ட் வழியாகத் திறப்பதே நல்லது. வெளிச் சாதனத்திலிருந்து திறக்க, தொலை அணுகலை அனுமதிக்கும் விருப்பத்துடன் அதைத் தொடங்க வேண்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: வைஃபை அறுந்தால் டேப்லெட்டில் இருக்கும் பாஸ் பொத்தான் செத்தது. கம்பி வழிப் பொத்தான் ஒன்று கட்டாயம் வேண்டும். அது கீழே வருகிறது.

ஜாக் செய்ய ஒரு நம்பர் பேட்

யுஎஸ்பி நம்பர் பேட் ஒன்றை வாங்கி இயந்திரத்தின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். யுஜிஎஸ்ஸின் ஆப்ஷன்ஸில் கீமேப் பகுதிக்குப் போய் ஜாக் என்று தேடினால் எல்லா அச்சுக்கும் விசை ஒதுக்கலாம். 4, 6 எக்ஸுக்கு. 8, 2 ஒய்க்கு. 9, 3 இசட்டுக்கு. கூட்டல், கழித்தல் விசைகள் ஜாக் தூரத்தை மாற்ற. 5 நிறுத்த. என்டர் விசைக்கு எதையும் கொடுக்காதீர்கள். கை சாயும்போது முதலில் அழுந்துவது அதுதான். நம்-லாக் அணைந்தால் விசைகளெல்லாம் அம்புக்குறியாக மாறிவிடும் என்பதால், ஜாக் திடீரென்று வேலை செய்யாமல் போனால் முதலில் அந்த விளக்கைப் பாருங்கள்.

தூரம் 10, 1, 0.1 என மூன்று போதும். 3018இல் ஒரு மி.மீ.க்கு 800 ஸ்டெப் இருப்பதால் 0.01ஐயும் கேட்கலாம்தான், ஆனால் ப்ளாஸ்டிக் நட்டின் ஆட்டம் அதைவிடப் பெரிது.

விசையை அழுத்திப் பிடித்தால் கீபோர்டு அதே எழுத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பும். ஒவ்வொன்றும் ஒரு 10 மி.மீ. நகர்வாகப் பட்டியலில் சேரும். விரலை எடுத்தபின்னும் இயந்திரம் போய்க்கொண்டே இருக்கும். விசையை விட்டதும் ஜாக் ரத்து பைட்டை, அதாவது ஹெக்ஸ் 85ஐ, அனுப்பும் அனுப்பியில் இந்தத் தொல்லை இல்லை. உங்களுடையது அனுப்பாவிட்டால் இயங்குதள அமைப்பில் கீபோர்டு ரிப்பீட்டை அணைத்துவிடுங்கள்.

ஒய் திசையில் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. 3018இல் ஒய் அச்சில் நகர்வது படுகை, பிட் அல்ல. 8ஐ அழுத்தினால் படுகை உங்களை நோக்கி வரும். அதுதான் சரி, ஏனென்றால் பலகையைப் பொறுத்துப் பிட் பின்னால் போகிறது. ‘தலைகீழாக ஓடுகிறதே’ என்று அச்சுகளின் திசையை முடிவுசெய்யும் $3ஐ மாற்றினால் செதுக்கிய எழுத்தெல்லாம் கண்ணாடிப் பிம்பமாக வரும்.

மேக்ரோக்கள்

நான்கு மேக்ரோ போதும். முதலாவது, எக்ஸ்-ஒய் சுழியம்:

ஜி10 எல்20 பி1 எக்ஸ்0 ஒய்0

இதற்கு ஜி92 பயன்படுத்தும் பழைய மேக்ரோக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஜி92 ரீசெட் ஆனதும் மறைந்துவிடும். ஜி10 போர்டின் ஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) எழுதப்படும். மின்சாரம் போய் வந்தாலும், ஹோமிங் செய்தால் அதே மூலைக்குத் திரும்பலாம். மின்வெட்டு வருகிற ஊரில் இது ஒன்றே ஹோமிங் சுவிட்சுக்குக் கொடுத்த காசை மீட்டுவிடும்.

இரண்டாவது, பலகை மேல் வைத்த உலோகப் பிளேட்டைப் பிட்டால் தொட்டு இசட் அமைப்பது. பிளேட்டின் தடிமனை வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். கீழே 19.50 என்று வைத்திருக்கிறோம்.

ஜி21 ஜி91
ஜி38.2 இசட்-25 எஃப்100
ஜி0 இசட்1
ஜி38.2 இசட்-3 எஃப்25
ஜி10 எல்20 பி1 இசட்19.50
ஜி0 இசட்5
ஜி90

இரண்டு முறை தொடுவதற்குக் காரணம் இருக்கிறது. பிட் பிளேட்டைத் தொட்ட கணத்திலேயே இயந்திரம் நிற்காது, வேகம் குறைந்துதான் நிற்கும். இசட்டின் முடுக்கமான $122 வழக்கமான 30 என்றால் எஃப்100 வேகத்தில் அது 0.046 மி.மீ. கூடுதலாக இறங்கும், எஃப்25இல் வெறும் 0.003 மி.மீ. பிசிபி (மின்சுற்றுப் பலகை) செதுக்கும்போது செப்புத் தகடே சுமார் 0.035 மி.மீ. தடிமன்தான் என்பதால் இந்த வித்தியாசம் வேலையைக் கெடுக்கும்.

பொத்தானை அழுத்துமுன் பிளேட்டைக் கையால் தூக்கிப் பிட்டில் தொட்டு, திரையில் ப்ரோப் அடையாளம் வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். கிளிப் கழன்றிருந்தால் இயந்திரத்துக்குப் பிளேட் இருப்பதே தெரியாது. எஃப்100 என்பது வினாடிக்கு 1.7 மி.மீ. கூட இல்லை என்பதால் பாஸ் அழுத்த நேரம் இருக்கும். தொடும் முன்பே ப்ரோப் அழுந்திய நிலை காட்டினால் 4ஆம் எண் அலாரம், கடைசிவரை தொடவே இல்லை என்றால் 5ஆம் எண். அலாரத்துக்குப் பிறகு ஜி91 அப்படியே நின்றுவிடலாம். அதனால் இயந்திரத்தை நகர்த்தும் மற்ற மேக்ரோக்கள் ஜி90 ஜி21 என்றே தொடங்கட்டும்.

மூன்றாவது, பலகையை மாற்ற ஒதுங்கி நிற்பது. இசட் தனி வரியில் முதலில்:

ஜி90 ஜி21
ஜி53 ஜி0 இசட்-2
ஜி53 ஜி0 எக்ஸ்-150 ஒய்-2

நான்காவது, வெட்டப்போகும் எல்லையைச் சுற்றிக் காட்டுவது. சிஎன்சிஜேஎஸ்ஸில் கோப்பை ஏற்றியதும் எக்ஸ்மின், எக்ஸ்மேக்ஸ், ஒய்மின், ஒய்மேக்ஸ் என்ற பெயர்கள் கிடைக்கும். சதுர அடைப்புக்குள் சிறிய எழுத்தில் எழுத வேண்டும்.

ஜி90 ஜி21
ஜி0 இசட்5
ஜி0 எக்ஸ்[எக்ஸ்மின்] ஒய்[ஒய்மின்]
ஜி0 எக்ஸ்[எக்ஸ்மேக்ஸ்]
ஜி0 ஒய்[ஒய்மேக்ஸ்]
ஜி0 எக்ஸ்[எக்ஸ்மின்]
ஜி0 ஒய்[ஒய்மின்]

இது பிட்டின் மையம் போகும் வழி. 3.175 மி.மீ. பிட் இதற்கு வெளியே இன்னும் 1.6 மி.மீ. வெட்டும். க்ளாம்ப் 5 மி.மீ.க்கு மேல் உயரமாக இருந்தால் இசட்டைக் கூட்டுங்கள்.

ஜி10 வரி வரும் மேக்ரோவை வெட்டும் கோப்பின் நடுவில் ஒட்டாதீர்கள். ஈப்ராமில் எழுதும்போது யூனோவின் சிப் மற்றதையெல்லாம் கணநேரம் நிறுத்திவைக்கும். அந்த இடைவெளியில் யுஎஸ்பி வழியே வரும் எழுத்துகள் தொலையும். இடம் நிரம்ப நிரம்ப வரிகளைத் தள்ளும் அனுப்பிகளில் இது, எப்போதாவது மட்டும் தலைகாட்டும் மர்மப் பிழையாக வரும்.

தமிழில் பெயர் வைக்கலாம், குறிப்பு எழுதக் கூடாது

மேக்ரோ பொத்தானின் பெயரைத் தமிழில் வைப்பதில் சிக்கலில்லை. ஆனால் ஜி-கோட் கோப்புக்குள் அடைப்புக்குறியிட்டுத் தமிழில் குறிப்பு எழுதாதீர்கள். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் குறைந்தது மூன்று பைட். ஜிஆர்பிஎல் 1.1, 127க்கு மேற்பட்ட பைட்டுகளையெல்லாம் உடனடிக் கட்டளையாகவே பார்க்கும், அவை குறிப்புக்குள் இருந்தாலும்.

‘ச’வின் கடைசி பைட் ஹெக்ஸ் 9ஏ. ஸ்பிண்டில் வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டும் கட்டளையும் அதுவே. ‘ஒ’ ஃபீடைப் பத்து சதவீதம் குறைக்கும், ‘ஓ’ ஒரு சதவீதம் கூட்டும், ‘க’ ரேப்பிட் வேகத்தை (வெட்டாமல் நகரும் வேகம்) முழு அளவுக்குக் கொண்டுபோகும். ஜாக் ஓடும்போது வந்தால் ‘அ’ அதை ரத்து செய்யும். பல அனுப்பிகள் குறிப்புகளைக் கத்தரித்துவிட்டுத்தான் அனுப்பும், அதனால் இது எல்லோருக்கும் தெரியவராது. கத்தரிக்காத ஒன்றில் ‘சக்கரம், சிறியது’ என்று எழுதினால் ஸ்பிண்டில் இருபது சதவீதம் ஏறி நிற்கும், காரணம் எங்கேயும் தெரியாது. கோப்புக்குள் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள்.

கம்பி வழிப் பொத்தான்கள்

யூனோவில் ஏ0 ரீசெட், ஏ1 இடைநிறுத்தம், ஏ2 தொடர்தல். சிஎன்சி ஷீல்டில் அபார்ட், ஹோல்ட், ரெஸ்யூம் என்று அச்சிட்டிருக்கும். அழுத்தும்போது பின்னை கிரவுண்டோடு இணைக்கும் சாதாரணப் பொத்தான் போதும். மஞ்சள் ஒன்று இடைநிறுத்தத்துக்கு, பச்சை ஒன்று தொடர. பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும், 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் போர்டின் அருகிலேயே வையுங்கள். ஷீல்டு வயர் பயன்படுத்தி, அதன் ஷீல்டைப் போர்டுப் பக்கம் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள். இவை இல்லாவிட்டால் ஸ்பிண்டில் மோட்டாரின் இரைச்சலே பொத்தானை அழுத்திவிடும்: யாரும் தொடாமலே இயந்திரம் ஹோல்டுக்குப் போகும்.

சிவப்பு எமர்ஜென்சி பொத்தானை இந்தப் பின்களோடு சேர்க்க வேண்டாம். அது ஸ்பிண்டில், ஸ்டெப்பர் இரண்டுக்கும் போகும் மின்சாரத்தையே அறுக்க வேண்டும். மென்பொருள் உறைந்த நேரத்தில்தான் அது தேவைப்படும்.

கணினிப் பக்கம்

வெட்டிக்கொண்டிருக்கும்போது பாதியில் நின்றால் முதலில் மடிக்கணினி தூங்கியதா என்று பாருங்கள். விண்டோஸில் ஸ்லீப்பையும், யுஎஸ்பியைத் தூங்கவைக்கும் செலக்டிவ் சஸ்பெண்டையும் அணையுங்கள். உபுண்டு 22.04இல் சிஎச்340 சிப் உள்ள போர்டு செருகியதும் தோன்றி மறைந்தால், பிரெய்ல் கருவிக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல் அதைப் பிடுங்கிக்கொண்டிருக்கும். பிரெய்ல் கருவி வேண்டாதவர்கள் அந்த நிரலை நீக்கலாம். லினக்ஸில் உங்கள் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்க்காவிட்டால் போர்ட் திறக்காது.

இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைத்தால் யூனோ ரீசெட் ஆகும். ‘திரை உறைந்த மாதிரி இருக்கிறது, ஒரு தடவை டிஸ்கனெக்ட் செய்து பார்ப்போம்’ என்று ஓடும் வேலையின் நடுவில் செய்தால் அந்த வேலை போயிற்று. முதலில் கம்பி வழி மஞ்சள் பொத்தான், பிறகு மற்றது.

ஸ்பிண்டில் ஓடத் தொடங்கியதும் மட்டும் இணைப்பு அறுகிறதென்றால் அமைப்புகளைக் கிளற வேண்டாம். ஃபெரைட் வளையம் உள்ள, ஒரு மீட்டருக்குள் நீளமுள்ள ஷீல்டு யுஎஸ்பி கேபிளுக்கு மாறி, அதை ஸ்பிண்டில் வயரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டுங்கள்.